வெங்காய மாப்பிள்ளை

"கூர்ப் பக்கம் மேலே இருக்கணும் அத்தை. இப்படிக் கவுத்து வெச்சா பூவெல்லாம் பாதாளத்துலதான் பூக்கும்."

மருமகள் சொன்னதும், மாமியார் குழிக்குள் வைத்த கிழங்கை எடுத்துத் திருப்பி வைத்தாள். பழுப்புத் தோலும் குண்டு உடம்புமாக அது அசல் வெங்காயம் மாதிரியே இருந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பை நிறைய வந்திருந்தது. எல்லாம் கிளாடியோலஸ் கிழங்கு. இப்போது நட்டால் கல்யாண சமயத்தில் இடுப்பு உயரத்துக்குத் தண்டு விட்டுப் பூக்கும் என்று அவரே சொல்லி அனுப்பியிருந்தார்.

"மொத்தத்தையும் இன்னைக்கே நட்டுடலாமா?"

"வேணாம் அத்தை. எல்லாம் ஒண்ணா பூத்து ஒண்ணா வாடிடும். வாரத்துக்கு ஒரு வரிசை நடுவோம். ஒண்ணு முந்திக்கிட்டாலும் இன்னொண்ணு கைகொடுக்கும்."

மருமகள் தையல்காரி. கழுத்தில் கிடந்த அளவு நாடாவை மதில் ஓரமாக விரித்து, குழிக்குக் குழி ஒரு சாண் இடைவெளி பார்த்தாள். மாமியார் மக்கிய எருவை அள்ளிப் போட்டபடியே பெருமூச்சு விட்டாள்.

"ஏம்மா, இதெல்லாம் வீண் வேலையோ? உன் புருஷன் இன்னும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தானே திரியறான்."

மருமகளுக்கும் அந்தக் கவலைதான். அவள் கணவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். ஊருக்கெல்லாம் வண்டியை நகர்த்தச் சொல்லித் தருபவனுக்கு, வீட்டு விஷயம் எதுவானாலும் கால் பிரேக்கில்தான் இருக்கும். இந்தக் கல்யாணப் பேச்சு எழுந்ததிலிருந்து அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வரப்போகிறவரைப் பெயர் சொல்லிக்கூடக் குறிப்பிட மாட்டான். 'வெங்காய மாப்பிள்ளை'தான்.

"தலையில பாதி முடி இல்ல. வேலைக்கும் போறதில்ல. ஏற்கெனவே கல்யாணம் ஆகி, பொண்டாட்டியைப் பறிகொடுத்தவர். நாலு பேர் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்று மனைவியிடம் பொரிந்து தள்ளியிருந்தான்.

"பொண்ணுக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க. அதுக்கு மேல என்ன வேணும்?"

அவன் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

வெளியூரில் வேலை பார்க்கும் நாத்தனார் தினமும் போன் செய்தாள். இன்று காலையிலும் அதே கேள்விதான். "அண்ணன் மசிஞ்சாரா அண்ணி?"

"எங்க? கல்லு மாதிரி இருக்கார்."

"அண்ணன் மனசார வரலேன்னா இந்தக் கல்யாணமே வேணாம்னு அம்மா சொல்றாங்க. எனக்கு அழுகையா வருது அண்ணி."

அந்தக் குரல் மருமகளின் காதிலேயே நின்றது. மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அதுவும் வாடித்தான் கிடந்தது. எதையாவது சொல்லித் தேற்ற வேண்டும் போலிருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன் அத்தை. அடுப்படியில அவசரத்துல இதுல ஒண்ணை வெங்காயம்னு நெனச்சு நறுக்கிட்டேன்."

"அடிப்பாவி. அப்புறம்?"

"நறுக்க நறுக்கக் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலை. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இந்த வெங்காய மாப்பிள்ளை யாரையும் அழவைக்க மாட்டார்னு."

மாமியாருக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு அடக்க முடியாமல், மண் கையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மூக்கெல்லாம் மண் ஒட்டிக்கொள்ள, அதைப் பார்த்து மருமகளும் சிரித்தாள். சிரிப்பு ஓயாமலே இருவரும் இன்னும் நாலு கிழங்கு நட்டு நிமிர்ந்தபோது, வீட்டுப் பக்கவாட்டில் மருமகளின் கணவன் நின்றுகொண்டிருந்தான். வந்து எவ்வளவு நேரமாயிற்றோ, கையில் போனோடு நின்றான்.

மாமியாரின் சிரிப்பு அப்படியே அணைந்துபோனது. முட்டியில் கை ஊன்றி எழுந்தாள்.

"உனக்குப் பிடிக்கலேன்னா சொல்லிடுப்பா. பையைத் திருப்பி அனுப்பிடறேன். இந்தப் பேச்சை இதோட விட்டுடலாம். உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"வண்டியை நிறுத்தும்போது யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டுது," என்றான் மெதுவாக. "விருந்தாளி வந்திருக்காங்கன்னு நெனச்சேன். எட்டிப் பார்த்தா நீ. அப்பா போனதுக்கு அப்புறம் உன் சிரிப்புச் சத்தமே எனக்கு மறந்துபோச்சும்மா."

அவன் ஷூவைக் கழற்றினான். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு அவர்களுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, குழி தோண்டும் சின்ன மண்வெட்டியை மனைவியிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

"இவ்ளோ மேலாக்கவா நடுவீங்க? பெரிய காத்து அடிச்சா தண்டு சாஞ்சிடும். இன்னும் ஆழமாத் தோண்டணும்."

"இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னா?" என்றாள் மனைவி.

"அவர்தான். இப்பத்தான் போன் பண்ணேன்." ஒரு கிழங்கை எடுத்து, கூர்ப் பக்கம் மேலே இருக்கிறதா என்று பார்த்து, குழியில் வைத்தான். "பேச்சோட பேச்சா சொல்லிட்டேன். பதிவு ஆபீஸ்ல பொண்ணு தரப்புல சாட்சிக் கையெழுத்து நான்தான் போடுவேன்னு."

மாமியார் மறுபக்கம் திரும்பிப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மருமகள் அதைக் கவனிக்காத மாதிரி அளவு நாடாவைச் சுருட்டினாள்.

"அதெல்லாம் சரி. பொண்ணுக்கு நீங்க என்ன உறவுன்னு அங்க கேட்பாங்களே?"

அவன் தலை நிமிராமல் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினான்.

"கேட்கட்டும். கல்யாணப் பொண்ணோட மகன்னு சொல்லுவேன்."