முருகேஸ்வரியின் கையுறை

சக்குபள்ளம் ஏலத்தோட்டத்தில் முருகேஸ்வரி அளவுக்கு வேகமாகக் காய் எடுக்க ஆளில்லை. அவளுடைய விரலசைவைப் பதிவு செய்ய, இன்ஜினியர் தமிழ்ப்ரியா ஒரு சென்சார் கையுறையைக் கொடுத்திருந்தாள்.

ஒரு வாரம் கழித்து, அந்தப் பதிவைக் கற்ற ரோபோ கை வந்தது.

"இனி ஒங்களுக்கெல்லாம் வேல போச்சு!" என்று சிரித்தார் சூப்பர்வைசர் அழகுமலை.

ரோபோ ஒரு காயைக்கூடத் தொடவில்லை. விரலை நீட்டி ஒவ்வொரு செடியாகக் காட்டியது. பிறகு, இல்லாத மீசையை முறுக்கியது.

"அக்கா, கையுறைய நீங்கதானே போட்டிருந்தீங்க?" தமிழ்ப்ரியா பதறினாள்.

"அதப் போட்டா காய் வெளஞ்சதா, பிஞ்சான்னு வெரலுக்கே தெரியல மேடம். குளிருக்கு எதமா இருக்குன்னு சூப்பர்வைசர்தான் வாரம் பூரா மாட்டியிருந்தாரு. அவரு பாக்குற வேல மொத்தத்தையும் அது கத்துக்கிச்சே!"

மீசைக்குப் போன அழகுமலையின் கை பாதியில் நின்றது.