செத்தால் முதலிலிருந்து

மேனேஜர் அறையில் மூன்று பேர்: மேனேஜர், சூப்பர்வைசர், கையும் களவுமாகப் பிடிபட்ட குமாஸ்தா.

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல கேம் ஆடுறான் சார். படம்கூடக் கிடையாது, வெறும் எழுத்துதான் ஓடுது," என்றார் சூப்பர்வைசர்.

"வேலைய முடிச்சிட்டுத்தான் சார் ஆடினேன். அதுல செவப்பா வர்ற எழுத்துதான் டிராகன். ஒரு தடவ செத்தா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்." வேலை போய்விடும் என்று தெரிந்தும் குமாஸ்தா குரலை இறக்கவில்லை.

"டிராகனைக் கொன்னியா?" என்றார் மேனேஜர்.

"போன வாரமே சார்."

"சூப்பர்வைசர், நீங்க போங்க. இவனை நான் பாத்துக்கிறேன்."

சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே வெளியேறினார்.

மேனேஜர் தன் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். அதிலும் அதே சிவப்பு எழுத்து. "பக்கத்துலயே நிக்குதுய்யா. நான் ஒரு கீயைத் தொட்டாத்தான் அதுவும் நகரும். காலையிலேருந்து கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

குமாஸ்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "முதல்ல கதவைச் சாத்துங்க சார்."

மேனேஜர் எழுந்துபோய், சூப்பர்வைசர் போன கதவைச் சாத்திப் பூட்டினார்.