டெல்மரின் முதல் ஹோம் ரன்

பந்து பன்றித் தீவன விளம்பரத்துக்கு மேலே போய், வேலிக்கு வெளியே சோளக்காட்டில் விழுந்தது.

டெல்மர் நோவக் மட்டையைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தான். ஓட்டம் என்று சொல்ல முடியாது. நடையைக் கொஞ்சம் குலுக்கினான், அவ்வளவுதான். வேலியைத் தாண்டிய பந்தை யாரும் எடுத்துவரப் போவதில்லை. நாலு மூலையையும் மிதித்துவிட்டு வந்தால்தான் ஹோம் ரன் கணக்கில் சேரும்.

அந்த நெப்ராஸ்கா பேஸ்பால் அணியில் மற்றவர்கள் எல்லோரும் மான் மாதிரி ஓடுவார்கள். வீசுபவன் மூக்கைச் சொறிவதற்குள் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்குத் திருட்டுத்தனமாகப் போய்விடுவார்கள்.

ஆனாலும் புள்ளிப் பட்டியலில் கடைசியில் இருந்தார்கள்.

"வேலியத் தாண்டி அடிக்க ஒருத்தன் வேணும்யா. நீங்கள்லாம் ஓடி ஓடி வேர்த்ததுதான் மிச்சம்" என்று சொல்லி, மேனேஜர் கஸ் ரிட்டர்தான் டெல்மரைக் கூட்டிவந்தார். டெல்மர் மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டான். வந்த நாளிலிருந்து காற்றைத்தான் அடித்தான்.

இன்று காலை கஸ் சொல்லிவிட்டார்: "இன்னிக்கு ஒண்ணாவது வெளிய போகணும். இல்லேன்னா ராத்திரி பஸ்ல நீ வெளிய போற."

அவன் மட்டையோடு இறங்கியபோது, அவனுக்கு அடுத்து ஆட வேண்டிய ஓஸி பின்னாலிருந்து கத்தினான். "அண்ணே, வேலி அங்கதான் இருக்கு. போன மாசமும் அங்கதான் இருந்துச்சு!"

அம்பயர் குனிந்து, கடைசி மூலையில் பதித்திருந்த வெள்ளைத் தட்டைச் சின்ன பிரஷ்ஷால் பளிச்சென்று துடைத்தார்.

அதற்கு அடுத்த பந்துதான் சோளக்காட்டில் கிடக்கிறது.

பெஞ்சில் ஒரு சத்தமும் இல்லை. அதுதான் வழக்கம். அணிக்கு வந்து முதல் ஹோம் ரன் அடித்தவனை யாரும் கண்டுகொள்ளக் கூடாது. முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவன் தவித்துப்போய் நிற்கும்போது மேனேஜர் தலையை ஆட்டுவார். உடனே எல்லோரும் மேலே விழுந்து அமுக்குவார்கள்.

ஒருவன் சூரியகாந்தி விதை கொறித்தான். ஒருவன் மட்டைப் பிடியில் ஒட்டிய பிசினைச் சுரண்டினான். ஓஸி முதுகைக் காட்டிக்கொண்டு காக்கை பார்த்தான்.

மூன்றாவது மூலையில் திரும்பும்போதே டெல்மர் அதைக் கவனித்துவிட்டான். சிரிப்பை அடக்க முடியவில்லை. திருப்பிய முகங்களையே பார்த்துச் சிரித்தபடி கடைசி மூலையைக் கடந்து பெஞ்சுக்குள் நுழைந்தான்.

கையை உயர்த்தினான். யாரும் தட்டவில்லை. இல்லாத கைகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனான். காற்றைக் கட்டிப்பிடித்தான். தண்ணீர் டிரம்முக்கு முத்தம் கொடுத்து, "நீயாவது மதிச்சியே" என்றான்.

மைதானம் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அங்கே வெள்ளைத் தட்டுக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கும் எதிரணி கேட்சர் இடத்தை விட்டு நகரவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். புதுப் பந்து வீசுபவனிடம் போனது. அவன் அதை அடிப்பவனுக்கு வீசாமல், கேட்சரிடமே மெல்லத் தூக்கிப்போட்டான். கேட்சர் பந்தைப் பிடித்தபடி வெள்ளைத் தட்டின் மேல் ஒரு காலை வைத்தான்.

துடைத்த பிறகு அதில் விழுந்த முதல் கால்தடம் அதுதான்.

அம்பயர் முஷ்டியை உயர்த்தி அவுட் காட்டினார்.

ஸ்கோர் போர்டில் அவன் ரன்னுக்காக மாட்டியிருந்த '1' என்ற எண்ணைக் கழற்றினார்கள். கூட்டம் அடங்கியது.

விதை கொறித்தவனின் வாய் திறந்தபடி நின்றது. எல்லோரும் கஸ்ஸைப் பார்த்தார்கள். கஸ் தலையை ஆட்டவில்லை.

டெல்மர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். அரங்கம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. தனக்காக இத்தனை பேர் சேர்ந்து நடிக்கிறார்கள் என்று நினைத்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"டேய், போதும்டா" என்றான். "ஊர் முழுக்கவா சொல்லி வச்சீங்க?"