முள் திரும்பிய பக்கம்

அமலோற்பவத்துக்குக் காது மந்தம். வாதத்தில் படுத்துவிட்ட அவள் கணவர், இயற்பியல் வாத்தியார் ஞானாதிக்கத்துக்குப் பேச்சு வராது. அவருடைய பழைய மாணவி ஒருத்தி செய்து கொடுத்த ஏற்பாடு இது: அவர் கட்டிலில் பொத்தானை அழுத்தினால் கம்பியில் மின்சாரம் ஓடி, அடுப்படியில் உள்ள திசைகாட்டியின் முள் திரும்பும். ஒரு பொத்தானுக்கு வலப்பக்கம்; தண்ணீர் வேண்டும். மற்றதற்கு இடப்பக்கம், சும்மா வந்து உட்கார்.

புது பேட்டரி போட்டதிலிருந்து முள் ஓயாமல் வலப்பக்கமே திரும்பியது. ஒவ்வொரு முறையும் தம்ளரோடு ஓடினாள்.

"என்னங்க, அப்படியென்ன தாகம்?"

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொட்டு விடாமல் குடிப்பார். பிறகு மெல்லக் கையை நீட்டுவார். அதற்குள் அவள் அடுப்புக்குத் திரும்பியிருப்பாள்.

இன்று மேடையைத் துடைக்கும்போதுதான் கவனித்தாள். புது பேட்டரியை அவளே தலைகீழாகப் போட்டிருக்கிறாள். மின்சாரம் எதிர்ப்பக்கம் ஓடினால் முள்ளும் எதிர்ப்பக்கம் திரும்பும் என்று அவர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது.

"அட மனுசா, அத்தனை தண்ணியையுமா குடிச்சீங்க?"

முள் மறுபடி வலப்பக்கம் திரும்பியது. அவள் அடுப்பை அணைத்தாள். தம்ளருக்குப் போன கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வெறுங்கையோடு அவரிடம் போனாள்.