டேப்பைத் தூக்கிய நாய்

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று, ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு தையல்காரர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். நாய்தான் வரவில்லை.

கொஞ்ச நாளாக இதே கூத்து. வீட்டு முன்னறைதான் கடை. காலையில் மிஷின் மேல் அளவு டேப்பை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் போதும், பக்கத்து வீட்டு நாய் புயல் மாதிரி நுழையும். டேப்பைக் கவ்வும். பறக்கும்.

மஞ்சள் டேப் காற்றில் ஆட நாய் முன்னால், தொப்பை குலுங்கத் தையல்காரர் பின்னால். அந்த வேகத்தைப் பார்த்து சைக்கிள்காரர்கள் இறங்கி ஒதுங்குவார்கள். இரண்டு தெரு, ஒரு பூங்கா, தண்ணீர்த் தொட்டி. கைக்கு எட்டும் தூரத்தில் நின்று முகத்தைப் பார்க்கும், மறுபடி ஓடும். கடைசியில், போனால் போகிறது என்று டேப்பைக் கீழே போட்டு வாலை ஆட்டும். டேப்பில் ஒரு பல் தடம்கூட இருக்காது.

டேப்பை டிராயரில் வைத்துப் பூட்டினார். வெட்டி வைத்த சட்டைக் கை போயிற்று.

நாயின் சொந்தக்காரர் ரிட்டையர்டு பஸ் டிரைவர். ஒரு காலத்தில் இருவரும் உயிர்ச் சிநேகிதர்கள். டிரைவர் மகள் கல்யாணத்தில், போட்டோவுக்கு அவர் குனிந்தபோது, தையல்காரர் தைத்த பேன்ட் பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது.

"நீ தைச்ச லட்சணம்!" என்றார் அவர்.

"நீ தின்ன லட்சணம்!" என்றார் இவர்.

அன்றோடு பேச்சு நின்றது.

"பழி வாங்குறான்டி! நாயை ஏவி விடுறான்!" என்று மனைவியிடம் பொருமினார் தையல்காரர். போன வாரம் சுவர் மேல் எட்டி, "நாயைக் கட்டிப் போடத் துப்பில்லையா?" என்று கத்தியும் பார்த்தார். மறுநாளும் டேப் போயிற்று.

இத்தனைக்கும் அவர் உடம்பை அசைக்கிற ஆளே இல்லை. "இப்படியே உட்கார்ந்திருந்தா அடுத்தது இதயம்தான்" என்று டாக்டர் மிரட்டியபோது, "நாள் பூரா மிஷின் மிதிக்கிறேனே?" என்று கேட்டவர்.

"அதுக்கு மோட்டார் வெச்சு எத்தனை வருஷமாச்சு!" என்று மனைவி போட்டுக்கொடுத்தாள்.

நடக்கப் போனார், டீக்கடை பெஞ்சைத் தாண்டவில்லை. யோகாவில் சேர்ந்தார், கடைசி ஆசனத்தில் அவர் விட்ட குறட்டைக்கு மற்றவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். சிரிப்பு வகுப்புக்குப் போனார்; தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று சண்டை போட்டுவிட்டு வந்தார்.

ஆனால் நேற்று டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சர்க்கரை இறங்கியிருக்கு. பிரஷர் இறங்கியிருக்கு. எந்த ஜிம்?"

"ஜிம்மா? நான் ஒண்ணும் பண்ணலையே டாக்டர்."

"எங்கிட்டயே மறைக்கிறீங்களா? என்னவோ, பிடிச்சுப்போய்ச் செய்றீங்க. அதை மட்டும் விட்டுடாதீங்க."

வீடு வரும்வரை அவருக்கு மண்டை குழம்பியது. வேறு யாருடைய ரத்தத்தையாவது பார்த்துவிட்டாரோ? நாயைத் துரத்துவது உடற்பயிற்சியா? அது கோபம் அல்லவா? சரி, வெறும் கோபம் என்றால் அதற்காகப் புது ஷூ வாங்கியது யார்? எந்தச் சந்தில் மறித்தால் மடக்கலாம் என்று சாப்பிடும்போதுகூடத் திட்டம் போட்டது யார்?

இப்போது வெயில் ஏறிவிட்டது. நாயைக் காணோம். டேப்பை எடுத்து வந்து வாசல்படியில் நீளமாகப் போட்டார்.

"என்னங்க, டேப்பை எதுக்கு வாசல்ல போட்டிருக்கீங்க?"

"காயட்டும்னு."

"டேப்பா?"

எழுந்தார். கால் பரபரவென்றது. அத்தனை நாள் வீம்பையும் மறந்து பக்கத்து வீட்டுக் கேட்டைத் தள்ளித் திறந்தார்.

நாய் கட்டிக் கிடந்தது. அவரைப் பார்த்ததும் சங்கிலியோடு எகிறிக் குதித்தது. டிரைவர் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"நாயை ஏன் கட்டிப் போட்டிருக்கே?"

"கட்டச் சொன்னது யாரு?" என்றது பேப்பர்.

"அது போன வாரம்!"

"வாரத்துக்கு ஒண்ணு சொன்னா நாய்க்குக் குழம்பாதா?"

அப்போதுதான் தையல்காரர் கண்ணில் பட்டது. நாற்காலிக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா. பக்கத்திலேயே, நாய் கடித்துக் கடித்து நைந்துபோன ஒரு பழைய டேப்.

"அடப்பாவி! நீதான் பழக்கிவிட்டியா? தெருத் தெருவா ஓடவிட்டு வேடிக்கை பார்த்தியா? ஒரு பேன்ட்டுக்கு இவ்வளவு வன்மமா?"

பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

சத்தம் கேட்டு டிரைவரின் மனைவி வெந்நீர்ப் பாத்திரத்தோடு வெளியே வந்தாள்.

"கத்தாதீங்கண்ணே. டாக்டர் சொன்னதைச் சொல்லி அண்ணி எங்கிட்ட வந்து அழுதாங்க. அதைக் கேட்ட அன்னைக்கே இவர் டேப்பும் பிஸ்கட்டுமா நாயோட உட்கார்ந்துட்டார். 'நடன்னா நடக்க மாட்டான். ஆத்திரம் வந்தா ஓடுவான்'னு."

"உள்ளே போடி," என்று உறுமியது பேப்பர்.

தையல்காரருக்குத் தலை சுற்றியது. கோபப்படுவதா வேண்டாமா என்றே தெரியவில்லை.

"அப்படின்னா... இன்னைக்கு ஏன் கட்டிட்டான்?"

அவள் குனிந்து, பேப்பருக்குக் கீழே நீட்டியிருந்த வீங்கிய காலில் வெந்நீர்த் துணியை வைத்தாள்.

"தினமும் உங்களுக்குத் தெரியாம தண்ணி பாட்டிலோட உங்க பின்னாடியே ஓடி வந்தவருக்கு நேத்து கால் பிசகிடுச்சுண்ணே. 'பாதி வழியில மயங்கி விழுந்தா தூக்க ஆள் வேணாமா, எனக்குச் சரியாகிற வரைக்கும் அவனைத் தனியா ஓட விடக் கூடாது'ன்னு நாயைக் கட்டச் சொல்லிட்டார்."