ஆஸ்கருக்கு ஒரு துணை

“அதுவும் போயிடுச்சு தம்பி” என்றார் ரேடியோ மெக்கானிக்கின் மனைவி, கடைப் படி ஏறும்போதே.

வண்ணமீன் கடைக்காரருக்குச் சுருக்கென்றது. துணைக்கென்று அவர் கொடுத்ததில் செத்துப்போன ஐந்தாவது மீன் இது. எந்த மீனோடு எந்த மீன் ஒத்துப்போகும் என்று அவர் பார்க்கிற அளவுக்குக் கல்யாணத் தரகர்கூட விசாரிக்கமாட்டார். முப்பது வருஷமாக எடுத்த பேர். அதை அந்த அம்மா வீட்டு ஆஸ்கர் மீன் ஒன்றே கெடுத்துக்கொண்டிருந்தது. ஆஸ்கர் பிறந்த சிக்லிட் ஜாதியே முன்கோபக்கார ஜாதிதான். அதற்காக இப்படியா?

“சில்வர் டாலர் வேகமா ஓடுற மீனாச்சேக்கா. அதையுமா பிடிச்சுது?”

“மூலையில ஒதுக்கி முட்டியே கொன்னுடுச்சு.”

“நான் சொன்ன மாதிரி தொட்டியில கல்லையெல்லாம் இடம் மாத்தி வச்சீங்களா? தன் இடம்னு தெரிஞ்சா அது வந்தவனை விடாது.”

“வச்சேனே.”

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அந்த அம்மா உட்கார்ந்தார். தொட்டிகளைப் பார்த்தபடி கடைக்காரர் வழக்கம்போல ஆரம்பித்தார். “மெக்கானிக் அண்ணன் இருந்திருந்தா இந்நேரம் என்னைக் கிழிச்சிருப்பார். ‘வாயில நுழையற மீனைக் கொடுத்தா அது துணை இல்லடா, சாப்பாடு’ம்பார்.”

“அப்படியா சொல்வார்?”

“இங்கதான் நிப்பார், கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு. நான் விலை சொன்னா, ‘மெதுவாச் சொல்லுடா, மீன் காதுல விழுந்தா அதுக்குத் தலைக்கனம் வந்துடும்’பார். ஒரு நாள் நல்ல மழை. மீன் பையைச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு, புள்ளைத்தாச்சி மாதிரி நடந்து போனார்.”

“என்கிட்ட குடையில வந்தேன்னு சாதிச்சாரே” என்று அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைக்காரருக்கும் மனசு கனத்துப்போனது. அண்ணன் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தால் இன்னும் வாசலைத்தான் பார்க்கிறார். அந்த மனுஷன் ஆசையாக வளர்த்த மீனுக்கு ஒரு துணை தேடித் தர முடியவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

“இன்னிக்கு மீன் தரமாட்டேன்க்கா. சாகப்போகுதுன்னு தெரிஞ்சே எப்படிக் கொடுக்கிறது? நானே வந்து அந்த ஆஸ்கரை எடுத்துட்டு வந்துடறேன். இங்க தனித் தொட்டியில கிடக்கட்டும்.”

அந்த அம்மாவின் முகம் சட்டென்று வாடியது. “உங்களுக்கு எதுக்குத் தம்பி சிரமம்? இன்னும் ஒரே ஒரு மீன் கொடுத்துப் பாருங்களேன்.”

“அந்தப் பேச்சே கிடையாது.”

வாளியும் வலையுமாகக் கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வழியெல்லாம் அந்த அம்மா ஏதேதோ சாக்குச் சொல்லிப் பார்த்தார். வீட்டு வாசலில் பையைத் துழாவிச் சாவியைத் தேடுவதற்கே ஐந்து நிமிஷம் ஆயிற்று.

உள்ளே, விளக்குப் போட்ட பெரிய தொட்டி. கடைக்காரர் விற்ற ஐந்து மீன்களும் கொழுகொழுவென்று நீந்திக்கொண்டிருந்தன. ஆஸ்கரைக் காணோம்.

“அது அவர் போன மறுவாரமே போயிடுச்சு தம்பி” என்றார் அந்த அம்மா, தலையைக் குனிந்துகொண்டு. “வீட்ல அவர் பேச்சை எடுத்தாலே, பிள்ளைங்க ‘அழாதீங்கம்மா’ன்னு வாயை அடைச்சுடறாங்க. நீங்க ஒருத்தர்தான் அவரைப் பத்தி ஆசையாப் பேசறீங்க. மீனெல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னா, அப்புறம் நான் எதைச் சாக்கு வச்சு உங்க கடைக்கு வர்றது?”