காது ஊசிக்கு மாமன் மடி

சென்றாயனின் வலது புஜத்தில் மூன்று இடத்தில் பசை தடவி ஒயர் ஒட்டிவிட்டு, யாகப்பன் மின்விசிறியை நிறுத்தினான்.

மின்விசிறி ஓடினால் மெஷினின் பேனா ஆடும். ஆஸ்பத்திரி கேன்டீனில் மிக்ஸி ஓடினாலும் ஆடும். தசையின் துடிப்பைத் தாளில் கோடாக வரையத்தான் எண்பத்தைந்தில் அந்த மெஷினை வெளிநாட்டிலிருந்து தானமாக அனுப்பினார்கள். அதற்கோ நோயாளிகளைவிடச் சட்னிமேல்தான் பாசம்.

போன மாதம் ஒரு பெரியவரின் கால் உயிர்பெற்றுவிட்டது என்று யாகப்பன் வராந்தா முழுக்க ஓடிச் சொன்னான். தேங்காய்ச் சட்னி என்று பிறகு தெரிந்தது. ரேடியோ ரிப்பேர் கடையை மூடிவிட்டு மருத்துவ உலகத்துக்கு வந்தவனின் முதல் கண்டுபிடிப்பு அது.

அதனால் இன்று நேரிலேயே போய், அரைமணி நேரம் எதையும் அரைக்க வேண்டாம் என்று கேன்டீன் ஞானமேரியிடம் கெஞ்சிவிட்டு வந்திருந்தான்.

சென்றாயன் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டியவர். நாற்பத்தைந்து வயது. ஒன்றரை வருடம் முன்பு பரிசல் கவிழ்ந்தபோது அந்தக் கை இழுபட்டு நரம்பு போயிற்று. அன்றிலிருந்து தோளில் போட்ட ஈரத்துண்டு மாதிரி தொங்குகிறது.

காது மடலில் ஊசி குத்தினால் தூங்குகிற தசை விழிக்குமா என்று டாக்டர் லூர்து மேரி அளந்துகொண்டிருந்தார். இதுவரை ஒன்பது பேர். எட்டு நேர்க்கோடு, ஒரு சட்னி.

இன்றும் கோடு அசையாவிட்டால், அந்தக் கைக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்ப வேண்டியதுதான்.

போன வாரமே குத்தியிருக்கலாம். சென்றாயன் இடது கையால் காதைப் பொத்திக்கொண்டுவிட்டார்.

"காதுல ஊசின்னா மாமன் மடியிலதானுங்க. அது இல்லாம ஆவாது."

காதுகுத்து வேறு, வைத்தியம் வேறு என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அவசரத்துக்குத் தன் மடியைத் தருவதாக யாகப்பன் முன்வந்தான். சென்றாயன் அந்த மடியை ஒருமுறை பார்த்தார். காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

பாப்பிரெட்டிப்பட்டிக்குக் கார்டு போயிற்று. உயிரோடு மிச்சமிருக்கும் ஒரே தாய்மாமன் மாரியப்பன் அங்கே அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறார். மருமகனுக்கு மூன்று வயது இளையவர்.

கவிழ்ந்த பரிசலில் இருந்தவரும் அவர்தான். தண்ணீர் வரத்து அதிகம், வேண்டாம் என்று மருமகன் சொல்லியும் துடுப்பைப் பிடுங்கித் தானே வலித்தவர். இடது கையால் பாறையைப் பற்றிக்கொண்டு, வலது கையால் சென்றாயன் விடாமல் பிடித்திருந்தது இவரைத்தான்.

அதன் பிறகு ஒருநாள்கூட வந்து பார்க்கவில்லை. எந்த முகத்தோடு வருவது என்று ஊரையே விட்டுப் போய்விட்டாராம். சென்றாயனின் மனைவி சின்னம்மாள் வராந்தாவில் சொன்னது இது.

இப்போது மாரியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல், சரியாகவே இருந்த வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

சென்றாயன் போய் மடியில் உட்கார்ந்தார். ஸ்டூல் முனகியது.

ஒரு மீசைக்கு மேல் இன்னொரு மீசை. சிரித்துவிடாமலிருக்க யாகப்பன், மெஷினின் முதுகில் எழுதியிருந்த புரியாத பாஷையை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

தாள் ஓடத் தொடங்கியது. நேர்க்கோடு.

ஊசி இறங்கும் நொடியில் தாளில் பென்சிலால் ஒரு குறி போட வேண்டும். யாகப்பனின் வேலை அவ்வளவுதான். டாக்டரம்மா காதருகே குனிந்தார்.

மருமகன் நழுவிவிடாமல் மாரியப்பன் அவர் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டார்.

"வலிக்குதா மாப்ள?" என்றார், மெல்ல.

பேனா எகிறியது. முதலில் ஒரு சின்ன மேடு, பக்கத்தில் இன்னொன்று, பிறகு சித்தேரி மலையே எழுந்து நின்றது.

குறியைப் போட்ட யாகப்பன் அவசரமாக ஜன்னல் வழியே பார்த்தான். ஞானமேரி கேன்டீன் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆக, இது சட்னி இல்லை. காது ஊசி பலித்துவிட்டது என்று சொல்லத் திரும்பினான்.

டாக்டரம்மாவின் கையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சு மட்டும் இருந்தது. ஊசி இன்னும் தட்டில் கிடந்தது.

அவர் தாளைப் பார்த்தார். பிறகு ஸ்டூலைப் பார்த்தார். சென்றாயனின் வலது கை விரல்கள் இரண்டு, மாமனின் முழங்காலில் எதையோ தேடுவதுபோல் லேசாக நகர்ந்துகொண்டிருந்தன. மாமன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாகப்பன் தான் போட்ட குறியை ரப்பரால் அழித்தான். அப்படியானால் ஊசியே வேண்டாமா என்று கிசுகிசுத்தான்.

டாக்டரம்மா தட்டிலிருந்து ஊசியை எடுத்தார்.

"ஊசி இல்லன்னா அடுத்த சனிக்கிழமை அந்த மாமன் எதுக்கு வரணும், யாகப்பா?" என்று அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, மடலில் மெதுவாகக் குத்தினார்.